கூண்டுப் பறவைக்குக் குளியல்: பிடித்துக் குளிப்பாட்டுவதா, தண்ணீர் வைத்துவிட்டு ஒதுங்குவதா?

நீலஅலகு:
வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் ஒரு ஜோடி பட்ஜியும் (சின்னக் கிளி வகை) ஒரு காக்டெயிலும் (கொண்டை உள்ள கிளி வகை) இருக்கின்றன. பட்ஜிகள் குடிக்க வைத்த தண்ணீரில் தலையை முக்கி முக்கி உதறுகின்றன, கிண்ணம் சீக்கிரம் காலியாகிவிடுகிறது. காக்டெயில் இதற்கு நேர் எதிர். தண்ணீர்த் தட்டைப் பார்த்ததும் மேல் கம்புக்கு ஏறிவிடும். ஆனால் அது இருக்கும் இடத்தைச் சுற்றி எந்நேரமும் மெல்லிய வெள்ளைத் தூள் படிகிறது. இவற்றைக் குளிப்பாட்டலாமா, கூடாதா? விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் குழந்தைகளுக்கான ஷாம்பு போடச் சொன்னார். இன்னொருவர், கூண்டில் வளரும் பறவைக்குத் தண்ணீர் பட்டாலே சளி பிடித்துச் செத்துவிடும் என்றார். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பச்சைச்சிறகு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மெதுவாகக் கையில் பிடித்து, குழாயைச் சின்னதாகத் திறந்து காட்டுங்கள். ஷாம்பு ஒரு சொட்டு போதும். அலசிவிட்டு ஹேர் ட்ரையரில் காட்டினால் வேலை முடிந்தது. தூளும் போகும், நாற்றமும் போகும். அழுக்கோடு விட்டால்தான் நோய் வரும்.

கூட்டுக்காரர்:
பச்சைச்சிறகு நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் ஷாம்பு, கையில் பிடிப்பது, ஹேர் ட்ரையர் மூன்றுமே வேண்டாம். காரணத்தோடு சொல்கிறேன்.

பறவையின் வால் அடியில், முதுகுப் பக்கமாக ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பறவை அலகால் அதைத் தொட்டு எடுத்து உடம்பு முழுக்க இறகுகளில் தடவிக்கொள்ளும். கோதும்போது கழுத்தைத் திருப்பி வாலடிக்குப் போய் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இறகு முறியாமல் வளைந்து கொடுப்பதற்கும், தண்ணீர் உள்ளே இறங்காமல் இருப்பதற்கும் அந்த எண்ணெய் உதவுகிறது. ஒவ்வொரு இறகிலும் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு ஒரே பரப்பாக நிற்கின்றன. அதற்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் பறவைக்குப் போர்வை. சோப்பு எண்ணெயை எடுத்துவிடும். அப்புறம் தண்ணீர் நேராகத் தோல்வரை இறங்கும். பறவையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். பட்ஜி போன்ற முப்பது, நாற்பது கிராம் உயிருக்கு அந்த வெப்பத்தைக் காப்பது பெரிய பாடு. தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும் என்ற பயத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி எண்ணெய் போய் ஊறிப்போன பறவைகள்தான் இருக்கும். தானாகக் குளிக்கும் ஆரோக்கியமான பறவை அந்த அளவுக்கு ஊறாது.

அடுத்தது கையில் பிடிப்பது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் மூச்சுக்கு உதவும் தசை, அதாவது உதரவிதானம், பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே வரும், வெளியே போகும். கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சைச் சுற்றி விரலை இறுக்கினால், கொஞ்ச நேரத்திலேயே மூச்சுத் திணறிவிடும். ஈரமான பறவை வழுக்கும், வழுக்கினால் நம் கை தன்னால் இறுகும். ஆபத்து அங்கேதான்.

ஹேர் ட்ரையர் சிலவற்றின் வெப்பக் கம்பியில் நான்ஸ்டிக் பாத்திரங்களில் இருக்கும் அதே பூச்சு இருக்கிறது. அது அதிகம் சூடாகும்போது வரும் வாயு மனிதருக்குத் தெரியாது, பறவையைக் கொன்றுவிடும். காற்றுப் பைகளின் துணையோடு இயங்கும் பறவையின் நுரையீரல் காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சுவதில் நம்முடையதைவிடத் திறமையானது, விஷத்தையும் அதே திறமையோடு உறிஞ்சும். எந்த ட்ரையரில் அந்தப் பூச்சு உண்டு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் பட்ஜிகள் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டன. குடிநீரில் தலையை முக்குவது விளையாட்டு அல்ல, குளிக்க இடம் கேட்கிறது. அகலமான, ஆழம் குறைந்த தட்டு ஒன்று வையுங்கள். தண்ணீர் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. வழுக்காத அடிப்பாகம் முக்கியம். பீங்கான் தட்டு என்றால் அடியில் ஒரு துணியை மடித்துப் போடுங்கள். தண்ணீர் அறை வெப்பத்தில் இருந்தால் போதும், சூடு பண்ண வேண்டாம். வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நீலஅலகு:
மிக்க நன்றி அண்ணா. தட்டு வைத்தேன். பட்ஜி இரண்டும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. குடிநீர்க் கிண்ணத்தில்தான் இன்னும் முக்குகின்றன. தட்டு என்றால் பயமா?

இலைமழை:
பட்ஜிக்கு இலைக் குளியல் கொடுத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை அது. காட்டில் பனி படிந்த புல்லுக்குள் புகுந்து, உடம்பைத் தேய்த்துத் தேய்த்து நனைத்துக்கொள்ளும். நல்ல அகலமான கீரை இலைகளை மருந்து வாடை இல்லாமல் நன்றாக அலசி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது தட்டிலேயே பரப்பிவிடுங்கள். முதலில் கொறிக்கும். கொஞ்ச நேரத்தில் தலையை இலைக்கு அடியில் நுழைத்து முதுகைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். நான் வளர்த்த பட்ஜிகளில் தட்டில் இறங்கியவை குறைவு, இலையில் புரளாதது ஒன்றுகூட இல்லை.

அப்புறம் ஓடும் தண்ணீர்ச் சத்தம். குழாயைத் திறந்தாலோ வாக்குவம் கிளீனரை ஓட்டினாலோ பல கிளிகளுக்கு உடனே குளிக்கத் தோன்றும், குடிநீர்க் கிண்ணத்துக்கே ஓடும். மழைச் சத்தம்போல் கேட்கிறது என்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தட்டை வையுங்கள்.

பச்சைச்சிறகு:
கூட்டுக்காரர் சொன்ன ட்ரையர் விஷயம் எனக்குப் புதிது, அதை நிறுத்திவிடுகிறேன். ஆனால் ஷாம்பு விஷயத்தில் ஒரு கேள்வி. கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் கடற்பறவைகளைப் பாத்திரம் கழுவும் திரவத்தில்தானே குளிப்பாட்டுகிறார்கள்? அவை பிழைக்கவில்லையா? பேபி ஷாம்பு அதைவிட மென்மையானது.

கூட்டுக்காரர்:
நல்ல கேள்வி. அங்கே அந்தத் திரவத்தைப் போடுவதே எண்ணெயை ஒட்டுமொத்தமாக எடுக்கத்தான். கச்சா எண்ணெய் அப்பிய பறவை அப்படியே விட்டால் குளிரிலும் விஷத்திலும் சாகும், அதனால் வேறு வழியில்லை. கழுவியதும் கதை முடிவதில்லை. சோப்பு மிச்சமில்லாமல் நெடுநேரம் அலசுவார்கள், வெதுவெதுப்பான அறையில் உலர்த்துவார்கள். பறவை கோதிக் கோதி இறகை ஒழுங்குபடுத்தி, தண்ணீர் மறுபடி ஒட்டாமல் உருள ஆரம்பித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் சிகிச்சை அது. தூள் படிந்த காக்டெயிலுக்கு அப்படியொரு அவசரம் என்ன?

வீட்டுப் பறவை எண்ணெய்ச் சட்டியிலோ ஒட்டும் பசையிலோ விழுந்துவிட்டால் கதை வேறு. அதைக் கதகதப்பாகத் துணியில் தளர்வாகச் சுற்றி, அலகு இறகைக் கோதாதபடி பார்த்து, நேராக மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவமனை உதவியாளர்:
நான் வேலை பார்க்கும் இடத்தில் பறவைகளும் வருகின்றன. மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குளியல் தண்ணீரில் எதையும் கலக்காதீர்கள். வினிகர், கிருமிநாசினி, வாசனைத் திரவம், பேன் மருந்து, எண்ணெய் எதுவுமே வேண்டாம். குளிக்கும் தண்ணீரைப் பறவை குடிக்கும். குடிக்காவிட்டாலும், இறகில் ஒட்டியதைக் கோதும்போது விழுங்கும். நாம் குடிக்கத் தகுந்த தண்ணீர் எதுவோ அதுதான் அதன் குளியல் தண்ணீர்.

பட்ஜிக்கு அலகின் மேல் மூக்குப் பகுதியிலும் கண்ணைச் சுற்றியும் தேன்கூடு மாதிரி சொரசொரப்பாக வெள்ளை படிந்தால் அது அழுக்கு அல்ல. தோலுக்குள் துளையிடும் ஒருவகைச் சிற்றுண்ணி. எத்தனை முறை குளித்தாலும் போகாது. மருத்துவர் தரும் மருந்துக்குச் சீக்கிரம் கட்டுப்படும். தேய்த்துக் கழுவிக்கொண்டே நாளைக் கடத்தினால் அலகே கோணிவிடும்.

மலவாயைச் சுற்றி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை ஒற்றி ஒற்றி இளக்கி எடுக்கலாம், இழுக்கக்கூடாது. ஆனால் ஆரோக்கியமான பறவைக்கு அங்கே ஒட்டாது. ஏன் ஒட்டியது என்று பார்க்க வேண்டும்.

நீலஅலகு:
பட்ஜிகள் இலையில் புரண்டுவிட்டன! இவ்வளவு சந்தோஷமாக அவற்றைப் பார்த்ததே இல்லை. இலைமழைக்கு நன்றி. காக்டெயில்தான் மிச்சம். இலையையும் சீண்டவில்லை. ஸ்ப்ரே பாட்டிலில் தெளித்தால் சீறுகிறது.

வெள்ளைக்கொண்டை:
காக்டெயில் வளர்க்கிறேன், அதனால் இதில் எனக்குப் பேச நிறைய உண்டு.

முதலில் அந்தத் தூள். காக்டெயில், காக்கட்டூ, ஆப்பிரிக்கன் கிரே ஆகிய கிளி வகைகளுக்கு உடம்பில் தனியாக ஒருவகைத் தூவி இறகுகள் உண்டு. அவை நுனியிலிருந்து பொடிந்து பொடிந்து தூளாகிக்கொண்டே இருக்கும். அந்தத் தூளும் இறகைப் பாதுகாக்கத்தான். எனவே அது அழுக்கு இல்லை, தூள் வருவது நல்ல அறிகுறி. அடிக்கடி நனைந்தால் அறையில் பறக்கும் தூள் குறையும், நம் மூச்சுக்கும் நல்லது. முற்றிலும் நிற்காது, நிற்கவும் கூடாது. ஒரே அறையில் மக்கா என்னும் பெரிய கிளியும் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள். இந்தத் தூள் சேரச் சேர மக்காவின் நுரையீரல் கெடும்.

இப்போது தெளிப்பது. பெரும்பாலானவர்கள் துப்பாக்கி பிடிப்பதுபோல் பாட்டிலை நேரே நீட்டி முகத்தில் அடிக்கிறார்கள். சீறாமல் என்ன செய்யும்? மூக்குத் துளைக்குள் தண்ணீர் போகும். பாட்டிலின் முனையை மிக நுண்ணிய தூறலுக்குத் திருப்பி, பறவைக்குப் பக்கவாட்டில் நின்று, அதன் தலைக்கு மேலே காற்றில் தெளியுங்கள். தூறல் தானாகக் கீழே இறங்க வேண்டும். முதல் சில நாள் பறவைமீது விழவே வேண்டாம், கூண்டுக்குப் பக்கத்தில் உங்கள் கைமேல் தெளித்துக் காட்டுங்கள். பறவை விலகினால் அன்றைக்கு அதோடு சரி.

பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சிறகை உடம்பிலிருந்து விலக்கி விரிக்கும், வாலை விசிறும், இறகைப் பொம்மெனப் புடைத்துத் தூறல் உள்ளே இறங்க இடம் கொடுக்கும். சில காக்டெயில்கள் கூண்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரித்துக்கொள்ளும். மழையில் காக்கட்டூக்கள் செய்வதும் அதுதான். பிடிக்கவில்லை என்றால் இறகெல்லாம் உடம்போடு ஒட்டி ஒல்லியாகிவிடும், கொண்டை விறைத்து நிற்கும், சீறும், மூலைக்கு ஓடும். இதைப் பார்த்த பிறகும் தெளித்தால் அது தண்டனை.

புறாமாடம்:
இங்கே நான் மாறுபடுகிறேன். பறவை விருப்பப்பட்டால்தான் தண்ணீர் என்றால், சில பறவைகள் வருடக்கணக்கில் நனையாமலேயே போய்விடும். காட்டில் மழை வரும்போது பறவையைக் கேட்டுவிட்டா வருகிறது? கூண்டில் நாம்தானே மழை. கொஞ்சம் சீறினாலும் தெளித்துப் பழக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

வெள்ளைக்கொண்டை:
காட்டில் மழை வந்தால் இலைக்கு அடியிலோ பொந்துக்குள்ளோ ஒதுங்க அதற்கு இடம் உண்டு. கூண்டில் இல்லை. உங்கள் மழையை நீங்கள் தரலாம், ஒதுங்க இடத்தையும் தாருங்கள். கூண்டின் ஒரு பாதிக்கு மட்டும் தூறல் விழட்டும், மறுபாதி காயட்டும். அப்படிச் செய்தால் எனக்கு மறுப்பே இல்லை. எங்கள் காக்டெயில் முதலில் காய்ந்த பக்கமே நின்றது, பிறகு ஓரத்துக்கு வந்தது, இப்போது தூறலுக்கு நடுவில் வந்து நிற்கிறது.

புறாமாடம்:
அந்தப் பாதிக் கூண்டு யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். நான் சொல்ல வந்ததும் தண்ணீரையே காட்டாமல் விட்டுவிடக்கூடாது என்பதுதான்.

புறா பற்றி ஒன்று. புறா வளர்ப்பவர்களுக்கு ஸ்ப்ரே தேவையே இல்லை. கால் மறையும் ஆழத்தில் அகலமான தொட்டி வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். லேசான மழையில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு சிறகை மேலே தூக்கி, அக்குள் நனைய விடும். பார்க்காதவர்கள் அடிபட்டுக் கிடக்கிறது என்று பதறிவிடுவார்கள். குளித்த தண்ணீர்மேல் வெள்ளை ஏடு படியும், அதுவும் வெள்ளைக்கொண்டை சொன்ன தூள்தான். எல்லாம் முடிந்ததும் தொட்டியை எடுத்துவிடுங்கள். எச்சம் விழுந்த தண்ணீரைத்தான் அடுத்து குடிக்கும்.

சிறுகுருவி:
ஃபின்ச், கேனரி என்னும் சின்னக் குருவி வகைகளை வைத்திருக்கிறேன். இவற்றுக்கு வற்புறுத்தலே வேண்டாம், தினமும் குளிக்கும். கூண்டு வாசலில் மாட்டும் குளியல் பெட்டி நல்ல வசதி. ஆழம் மட்டும் கவனம்.

ஒரு சந்தேகம், காடைக்கும் தண்ணீர் வைக்கலாமா?

கூட்டுக்காரர்:
காடைக்கு மணல் குளியல்தான். கோழி இனம் முழுக்க அப்படித்தான். காய்ந்த சுத்தமான மணலை ஒரு தட்டில் வையுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

ஆழம் பற்றிச் சிறுகுருவி சொன்னதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பறக்க விடும் பறவைகள் வாளி, மூடாத கழிப்பறை, பாதி நிரம்பிய தம்ளர் இவற்றில் தலைகுப்புற விழுந்து மூழ்கிப்போகின்றன. பறவையை வெளியே விடும் முன் இவற்றை மூடிவிட்டீர்களா என்று பாருங்கள்.

சாம்பல்வால்:
என்னிடம் ஆப்பிரிக்கன் கிரே இருக்கிறது. நெஞ்சில் இறகைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. குளியல் குறைவால்தான் இப்படி என்று சொல்கிறார்கள். அதிகம் குளிப்பாட்டினால் சரியாகுமா? எவ்வளவு நாளைக்கு ஒரு முறை?

மருத்துவமனை உதவியாளர்:
காற்று வறண்டிருந்தால் தோல் அரிக்கும், அரித்தால் பிடுங்கும், அது உண்மைதான். ஆப்பிரிக்கன் கிரே ஈரப்பதம் நிறைந்த மழைக்காட்டுப் பறவை. ஏசி ஓடும் அறையில் அதன் தோல் சீக்கிரம் வறளும். ஆனால் இறகு பிடுங்குவதற்குத் தோல் தொற்று, ஈரல் கோளாறு, சத்துக் குறைவு, சலிப்பு, பயம், வீட்டில் ஏற்பட்ட மாற்றம் என்று பல காரணங்கள் உண்டு. முதலில் பறவை பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். குளியலை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், அதையே மருந்தாக நினைக்காதீர்கள்.

எத்தனை முறை என்பதற்கு ஒரே கணக்கு இல்லை. கிரே, அமேசான், மக்கா, கனூர் போன்ற கிளிகளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை வாய்ப்புக் கொடுங்கள், கேட்டால் தினமும் கொடுங்கள். கனூர் பெரும்பாலும் கேட்கும்.

குளியலறைக்கே கூட்டிப்போய்த் தனிக் கம்பில் உட்காரவைப்பவர்கள் ஷவர் நேரடியாக மேலே விழாமல் சுவரில் பட்டுத் தெறிக்கும்படி வையுங்கள். வெந்நீர் ஆவி, ஃப்ளோர் கிளீனர் வாடை, ரூம் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது.

இலைமழை:
இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தையும் சொல்ல வேண்டும். தலையிலும் கழுத்திலும் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் உறைக்குள் சுருண்டிருக்கும் புது இறகு. தண்ணீர் பட்டால் அந்த உறை இளகி, கோதும்போது சுலபமாக உதிரும், அரிப்பும் அடங்கும். அந்தச் சமயத்தில் கூடுதலாக ஈரம் கொடுங்கள், ஆனால் தொட்டுத் தேய்க்காதீர்கள். வளரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடுகிறது. முறிந்தால் வலிக்கும், இரத்தம் வரும்.

நீலஅலகு:
குளித்த பிறகு பட்ஜி நடுங்குகிறது. பயப்பட வேண்டுமா? வெயிலில் வைக்கலாமா?

கூட்டுக்காரர்:
கொஞ்ச நேரம் நடுங்குவது இயல்புதான், தசையை அசைத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது. பஃபெனப் புடைத்து, உதறி, கோத ஆரம்பித்தால் எல்லாம் சரி. உலர்ந்த பிறகும் புடைத்தபடியே கண்ணை மூடிக் கூண்டின் அடியில் உட்கார்ந்தால் நோய். அந்தப் பறவைக்குத் தண்ணீர் வேண்டாம், கதகதப்பும் மருத்துவரும் வேண்டும். இறகு மூடாத குஞ்சையும், இன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்த பறவையையும் நனைக்காதீர்கள்.

காலையில் குளிக்கவிட்டால் அடையும் நேரத்துக்குள் முழுக்க உலர்ந்துவிடும். மாலைக் குளியல் வேண்டாம். மின்விசிறிக் காற்றும் ஏசிக் காற்றும் நேரே படக்கூடாது. இளவெயில் நல்லது, ஆனால் கூண்டில் பாதி நிழலாக இருக்கட்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகைத் தூக்கிப் பிடித்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

பச்சைச்சிறகு:
ஒரு சின்னச் செய்தி. கையில் பிடிக்காமல், தட்டை மட்டும் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். கிளி முதலில் தட்டையே தூக்கிக் கவிழ்த்துவிட்டது. கனமான மண் தட்டாக மாற்றியதும் உள்ளே இறங்கி, நடுக்கூடம்வரை தண்ணீர் தெறிக்கக் குளித்தது. இதுவரை அது என் கையில் அமைதியாக இருந்ததைப் பிடித்துப்போயிற்று என்று எண்ணியிருந்தேன். இரண்டையும் பார்த்தபின் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

வெள்ளைக்கொண்டை:
ரொம்ப மகிழ்ச்சி. குளித்தால் வெறும் அழகு மட்டும் இல்லை என்பதற்கு ஒரு சேதி. ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை வைத்து 2009இல் வந்த ஓர் ஆய்வு, குளித்த பறவையும் குளிக்காத பறவையும் ஆபத்தில் தப்பிப் பறக்கும் விதம் மாறுகிறது என்று காட்டியது. பறப்பதிலும் குளியலுக்குப் பங்கு இருக்கிறது.

நீலஅலகு:
எங்கள் காக்டெயிலும் பாதிக் கூண்டுத் தூறலில் ஒரு சிறகை விரித்துவிட்டது. இன்னொன்றை விரிக்க இன்னும் மனம் வரவில்லை, காத்திருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. தட்டையும் பாட்டிலையும் எப்படிச் சுத்தம் செய்வது? சமையலறைத் தொட்டியில் கழுவலாமா?

மருத்துவமனை உதவியாளர்:
சமையலறையில் வேண்டாம். வேறு இடத்தில், அதற்கென்று ஒரு தேய்ப்பானை வைத்துக் கழுவுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, மிச்சமில்லாமல் அலசி, காயவைத்து எடுங்கள். பாட்டில் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும், முன்பு வேறு திரவம் இருந்த பாட்டில் கூடாது. அதில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள், தேங்கிய ஈரத்தில் கிருமி வளரும். அதைத் தெளித்தால் நேராகப் பறவையின் மூச்சுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர், முடிந்ததும் காலி செய்து மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள்.

கூண்டுத் தட்டைத் துடைக்கும் முன்னும் காய்ந்த எச்சத்தின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், அதற்கு வேறு பாட்டில். கிளிகளிடமிருந்து மனிதருக்கு வரும் சிட்டகோசிஸ் என்னும் காய்ச்சல், காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் பரவுகிறது. ஈரமாக இருந்தால் தூசி எழாது. துடைத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பறவை வளர்க்கும் வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், மருத்துவரிடம் பறவை இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.